தனியார் விமானத்தில் நாட்டு எல்லை கடக்கும்போது: சுங்க நடைமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த விமானமோ நண்பருடையதோ, கட்டணம் வாங்காமல் சொந்த வேலைக்காகவோ சுற்றிப் பார்க்கவோ இன்னொரு நாட்டுக்குப் பறக்கும் விமானிகளும் அவர்களோடு போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை எங்கும் ஒன்றுதான். அதனால் அடிப்படையைச் சொல்லிவிட்டு, விதிகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கும் சில நாடுகளை உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். கிளம்புவதற்கு முன் அந்தந்த நாட்டின் அன்றைய விதியை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நேர வரம்புகளும் படிவங்களும் அடிக்கடி மாறுகின்றன.

நாலு பேர் உட்காரும் சின்ன விமானம், சரக்கு எதுவும் இல்லை. அதற்கும் சுங்கம் உண்டா?

உண்டு. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் சர்வதேச வான்பயணத்துக்கு இன்றும் அடித்தளம். வெளிநாட்டு விமானம் ஒரு நாட்டுக்குள் வந்தாலும் வெளியே போனாலும் சுங்கம், குடிவரவு, பாஸ்போர்ட், சுகாதாரம் தொடர்பான அந்நாட்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது அதன் 13-வது பிரிவு. விமானத்தைச் சோதனையிடும் உரிமையை 16-வது பிரிவு தருகிறது. எத்தனை இருக்கை, எவ்வளவு எடை என்ற பேச்சே அங்கு இல்லை.

பெரிய விமான நிறுவனத்தில் பயணம் செய்யும்போது இந்த வேலைகள் நம் கண்ணில் படுவதில்லை. பயணிகள் பட்டியலை அனுப்புவது, சுங்கத்துக்குத் தகவல் கொடுப்பது, காகிதங்களைச் சமர்ப்பிப்பது எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கிறார்கள். தனியார் விமானத்தில் இத்தனையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அவர் தலைமை விமானி. இந்தியாவின் 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி ஒரு விமானத்தின் பொறுப்பாளர் அதை ஓட்டும் தலைமை விமானிதான். பின்னிருக்கையில் விமானத்தின் சொந்தக்காரரே உட்கார்ந்திருந்தாலும், அதிகாரி கேள்வி கேட்கப் போவது விமானியிடம்.

எந்த விமான நிலையத்தில் வேண்டுமானாலும் இறங்கலாமா?

முடியாது. எல்லை தாண்டியதும் முதல் தரையிறக்கம் சுங்க வசதி உள்ள, அரசு அறிவித்த விமான நிலையத்தில்தான் இருக்க வேண்டும். கடைசிப் புறப்பாடும் அப்படியே. சிகாகோ உடன்படிக்கையின் 10-வது பிரிவு இந்த இரண்டையும் சொல்கிறது. முதல் தரையிறக்கம் பற்றி இந்தியச் சுங்கச் சட்டத்தின் 29-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. உங்கள் நண்பரின் பண்ணையில் நல்ல புல்தரை ஓடுதளம் இருக்கலாம். முதலில் சுங்க நிலையத்தில் இறங்கி முடித்துக்கொண்டு, அப்புறம் அங்கே போகலாம்.

பெயரில் 'சர்வதேச' என்று இருப்பதை நம்பாதீர்கள். பெயருக்கும் சுங்க அலுவலகம் திறந்திருக்கும் நேரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு நாடும் ஏ.ஐ.பி. என்ற வான்வழித் தகவல் தொகுப்பை வெளியிடுகிறது. அதில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஜென் 1.2 என்ற பகுதி, விமானங்கள் நாட்டுக்குள் வருவது, கடப்பது, போவது பற்றியது. அடுத்தது, நீங்கள் இறங்கப்போகும் நிலையத்தின் ஏ.டி. 2.3. அது இயங்கும் நேரங்களின் அட்டவணை. நிலைய நிர்வாகத்துக்கு அடுத்த வரியே சுங்கமும் குடிவரவும்தான். அந்த வரியில் எச்24 என்று இருந்தால் நாள் முழுதும் ஆள் உண்டு. பி.பி.ஆர். என்று இருந்தால் முன் அனுமதி வாங்க வேண்டும், பி.என்.ஆர். என்றால் முன்கூட்டித் தகவல் தர வேண்டும். ஓடுதளம் இரவு முழுக்கத் திறந்திருக்க, சுங்கம் மாலையிலேயே மூடிவிடுவது சின்ன நிலையங்களில் சர்வசாதாரணம். அதோடு, விமானிகளுக்கான அவ்வப்போதைய அறிவிப்பான நோட்டாமையும் பாருங்கள். சுங்க வசதி தற்காலிகமாக நிறுத்தப்பட்ட செய்தி அங்கேதான் வரும்.

எந்த நிலையம் என்பதைச் சில நாடுகள் திசையை வைத்தும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவுக்குத் தெற்கிலிருந்து வரும் தனியார் விமானம், எல்லையையோ கடற்கரையையோ கடக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள, அதற்கென்று பட்டியலிட்ட விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போக விரும்பினால் தனியாக விலக்கு வாங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் முன்பு தகவல் கொடுக்க வேண்டும்?

மூன்று நாடுகளின் விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

அமெரிக்கா: இ-ஏபிஸ் என்ற இணைய முறையில், விமானத்தில் இருக்கும் எல்லோருடைய விவரத்தையும் புறப்படுவதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு அனுப்ப வேண்டும். 2008 நவம்பரில் வெளியான இந்த விதி 2009 மே 18 முதல் கட்டாயம். உள்ளே வரும்போது மட்டுமல்ல, அமெரிக்காவை விட்டு வெளியே போகும்போதும் அனுப்ப வேண்டும்.

பிரிட்டன்: ஜி.ஏ.ஆர். என்ற அறிக்கை. 2024 ஏப்ரல் 6 முதல் இணையம் வழியாக மட்டுமே ஏற்கிறார்கள். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாக அனுப்பக் கூடாது, 2 மணி நேரத்துக்குள் விடவும் கூடாது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

கனடா: இங்கே வேலை தொலைபேசியில் நடக்கிறது. வந்து சேர்வதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, ஆனால் 48 மணி நேரத்துக்குள், எல்லைச் சேவை அமைப்பின் அறிக்கை மையத்தை அழைத்துச் சொல்ல வேண்டும். விமானி உட்பட 15 பேருக்கு மேல் போகாத தனியார் விமானங்களுக்கான வழி இது.

கவனித்தீர்களா? ஓரிடத்தில் கணக்கு புறப்பாட்டிலிருந்து தொடங்குகிறது, இன்னோரிடத்தில் வருகையிலிருந்து. நேர மண்டலம் வேறு குறுக்கே வரும். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் ஃப்ளைட் பிளான் என்ற பயணத் திட்டம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், சுங்க அதிகாரி சொல்வது அவருடைய ஊர் நேரமாக இருக்கும். கோடைகால நேர மாற்றம் நடக்கும் வாரங்களில் இரு நாடுகள் வெவ்வேறு நாளில் கடிகாரத்தை மாற்றினால் குழப்பம் இன்னும் கூடும். தொலைபேசியில் பேசும்போது "உள்ளூர் நேரம் இத்தனை, யு.டி.சி. இத்தனை" என்று இரண்டையும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் திரும்பச் சொல்லும்வரை விடாதீர்கள்.

ஃப்ளைட் பிளானிலேயே எல்லாம் இருக்கிறதே, தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எல்லை கடக்கும் பயணத்தில் குறைந்தது மூன்று தரப்புகள் இருக்கின்றன: வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, சுங்கம், குடிவரவு. சில நாடுகளில் சுகாதாரத் துறையும் வேளாண் துறையும் சேரும். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரும் என்று எந்த விதியும் உங்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஒருவர் கொடுத்த சம்மதம் மற்றவருடைய சம்மதமும் ஆகாது. "கிளியர்டு டு லேண்ட்" (இறங்கலாம்) என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால் ஓடுதளம் உங்களுக்குத் திறந்திருக்கிறது என்றுதான் பொருள். நாடு திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை.

முன்பெல்லாம் ஃப்ளைட் பிளானின் குறிப்புகளில் சுங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு சொல்லை எழுதிவிட்டால், கட்டுப்பாட்டு நிலையம் அதைக் கடத்திவிடும் என்று விமானிகள் நம்பி இருந்தார்கள். அந்தச் செய்தி போகாவிட்டாலும் பழி விமானிக்குத்தான் வரும். நேரடியாகப் பேசுங்கள்.

இதே தவறு இணையப் படிவத்திலும் நடக்கிறது. இ-ஏபிஸ் அனுப்பினால் ஒரு பதில் மின்னஞ்சல் வரும். அது பட்டியல் கிடைத்தது, புறப்படலாம் என்பதற்கான பதில். குறிப்பிட்ட நிலையத்தில் இறங்கும் உரிமையை அந்த நிலையத்தின் சுங்க அலுவலகத்திடம் தனியாகப் பெற வேண்டும். பட்டியல் அனுப்புவது, இறங்க அனுமதி வாங்குவது, ஃப்ளைட் பிளான் போடுவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். அனுமதி கிடைத்ததும் பேசிய அதிகாரியின் பெயர் அல்லது அடையாள எழுத்துகள், நேரம், அவர் சொன்ன நிபந்தனை எல்லாவற்றையும் பறப்புக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இறங்கிய பின் "எங்களுக்குத் தகவல் இல்லையே" என்ற சொல் வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு வரிதான்.

பட்டியலில் என்னென்ன கேட்பார்கள்? எங்கே தவறு வருகிறது?

பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம், குடியுரிமை, வசிக்கும் நாடு, ஆவணத்தின் எண், அதை வழங்கிய நாடு, முடியும் தேதி, போகும் நாட்டில் தங்கும் முகவரி. விமானத்துக்குப் பதிவெண், வகை, நிறம், கடைசியாகக் கிளம்பிய இடம், இறங்கும் இடம், நேரம். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஓர் ஆள். விமானியின் உரிம எண்.

தவறு பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. பழக்கத்தில் அழைக்கும் பெயரையும், முதலெழுத்தோடு சுருக்கிய பெயரையும் எழுதிவிடுகிறார்கள். பயணிகளிடம் விவரத்தை எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள். அதன் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். பெயர், எண், பிறந்த தேதி, முடியும் தேதி எல்லாம் அங்கே இயந்திரம் படிக்கும் வடிவில் இருக்கின்றன. அதிகாரியின் கணினி வாசிப்பதும் அதைத்தான், எனவே அதைப் பார்த்து நிரப்புங்கள். சுழியமும் 'ஓ' எழுத்தும் மாறுவதைத் தேதிகளைப் போலவே இருமுறை பாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், விசாவில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே போடுவது பாதுகாப்பு.

பட்டியல் அனுப்பிய பிறகு ஓர் ஆள் கூடிவிட்டார், அல்லது புறப்பாடு தாமதமாகிவிட்டது. என்ன செய்வது?

புதிதாக ஓர் ஆள் ஏறினால் பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்பி, அதற்குப் பதில் வந்த பிறகே கிளம்ப வேண்டும்.  கடைசி நிமிடத்தில் "நானும் வருகிறேன்" என்று வருபவருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். பட்டியலில் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போவதைவிட ஒரு மணி நேரம் தாமதமாகப் போவது எவ்வளவோ மேல்.

தாமதம் என்றால் இறங்கும் நிலையத்தின் சுங்கத்தை அழைத்துப் புதிய நேரத்தைச் சொல்லுங்கள். பறக்கும்போது எதிர்க்காற்று அதிகமாகி நேரம் தள்ளிப்போனால், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் வழியாகச் செய்தி அனுப்பச் சொல்லலாம். நேரத்துக்கு முன்பே போய் இறங்குவதும் பிரச்சினைதான். அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்?

சிகாகோ உடன்படிக்கையின் 29-வது பிரிவு சொல்லும் பட்டியல்: விமானப் பதிவுச் சான்றிதழ், பறக்கும் தகுதிச் சான்றிதழ், விமானக் குழுவினரின் உரிமங்கள், பயணக் குறிப்பேடு, வானொலிக் கருவி இருந்தால் அதற்கான உரிமம், பயணிகள் இருந்தால் அவர்களின் பெயர்களும் ஏறும் இறங்கும் இடங்களும் கொண்ட பட்டியல், சரக்கு இருந்தால் அதன் விவரம்.

வானொலி உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது அது தேவையில்லை, அதனால் அங்குள்ள விமானி எல்லை தாண்டும் நாளில்தான் அதைத் தேடுவார். காப்பீட்டுச் சான்றில் போகும் நாட்டின் பெயர் அடங்குகிறதா என்று பாருங்கள். விமானம் உங்கள் பெயரில் இல்லையென்றால், உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். திருடிய விமானம் இல்லை என்பதற்கு வேறு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்? பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட வரும் குழந்தைக்கு மற்றவரின் ஒப்புதல் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் டிக்ளரேஷன் என்ற பொது அறிவிப்புப் படிவத்தில் சில பிரதிகளை நிரப்பி எடுத்துப் போங்கள். சிகாகோ உடன்படிக்கையின் 9-வது இணைப்பில் இதற்கு மாதிரி உண்டு, கேட்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன.

இறங்கியதும் என்ன நடக்கும்?

கட்டுப்பாட்டாளர் சொல்லும் இடத்துக்கு ஓட்டிப் போய் நிறுத்துங்கள். பெரும்பாலும் சுங்கத்துக்கென்று கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம் இருக்கும். எஞ்சினை அணையுங்கள். அதன் பிறகு எல்லோரும் உள்ளேயே இருக்க வேண்டும். இதுதான் புதிதாக வருபவர்களுக்கு மிகக் கடினம். மூன்று மணி நேரம் முட்டி மடக்கி உட்கார்ந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து காலை நீட்டத் தோன்றும், ஒருவர் கழிவறையைத் தேடுவார், இன்னொருவர் பையை இறக்கத் தொடங்குவார். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அதிகாரி அனுமதிக்கும் முன் யாரும் இறங்கக் கூடாது, எதையும் இறக்கக் கூடாது. வெயிலில் கேபின் சூடானால் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டிப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பயணிகளிடமும் சொல்லி வையுங்கள்: கதவு, பை, கைப்பேசியில் படம் பிடித்தல் மூன்றும் அதிகாரி சொன்ன பிறகுதான்.

அதிகாரி வந்ததும் பாஸ்போர்ட்டுகளையும் விமானக் காகிதங்களையும் ஒரே உறையில் கொடுங்கள். ஆளையும் படத்தையும் ஒப்பிடுவார், எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள், என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பார். பைகளையும், சில சமயம் எஞ்சின் மூடி, இருக்கைக்குப் பின்பக்கம், சரக்கறை ஆகியவற்றையும் பார்ப்பார். அமெரிக்காவில் வெளிநாட்டிலிருந்து வரும் சிறு விமானங்களைக் கையடக்கக் கருவியால் கதிரியக்கச் சோதனையும் செய்கிறார்கள். சமீபத்தில் தைராய்டு ஸ்கேன் போல அணுமருத்துவச் சோதனை செய்துகொண்டவர் உள்ளே இருந்தால் அந்தக் கருவி ஒலிக்கலாம். மருத்துவரின் கடிதம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம் அது.

இறங்கிவிட்டோம், அதிகாரி யாருமே இல்லை. போய்விடலாமா?

கூடாது. ஆள் இல்லை என்பது அனுமதி ஆகாது. கனடாவில் இதற்கு எழுதப்பட்ட வழியே உண்டு: இறங்கியதும் அறிக்கை மையத்தை மறுபடி அழைக்க வேண்டும். அதிகாரி வரப்போவதில்லை என்றால் ஓர் அறிக்கை எண்ணைத் தந்து போகச் சொல்வார்கள். அந்த எண்தான் உங்கள் முறையான நுழைவுக்குச் சாட்சி, பத்திரமாக வையுங்கள். மற்ற நாடுகளில் கோபுரத்திடமோ, நிலையத்தில் விமானத்துக்கான தரை வேலைகளைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் ஏஜென்டிடமோ கேட்டு, சுங்க அலுவலகத்தின் வாய்வார்த்தையையாவது பெற்ற பிறகே விமானத்தை விட்டு நகருங்கள்.

ஐரோப்பாவுக்குள் எல்லைச் சோதனையே இல்லை என்கிறார்களே?

பாதி சரி. இரண்டு வட்டங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவதில்லை. ஒன்று ஷெங்கன், தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் வட்டம். அது ஆட்கள் நடமாட்டம் பற்றியது. இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லை, இது பொருள்கள் பற்றியது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனுக்குள் இருக்கின்றன, ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஆகவே ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்து போனால் வழக்கமாகப் பாஸ்போர்ட் சோதனை இல்லை, சுங்க நடைமுறை உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் நேரெதிர்: சுங்க எல்லைக்கு உள்ளே, ஷெங்கனுக்கு வெளியே. பிரான்சிலிருந்து அயர்லாந்து போனால் குடிவரவுச் சோதனை உண்டு. பல்கேரியா, ருமேனியா இரண்டும் வான் வழிக்கு 2024 மார்ச் 31 முதல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டன, பழைய கையேட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க.

ஷெங்கனுக்கு வெளியிலிருந்து வரும் தனியார் விமானத்தின் விமானி, புறப்படும் முன்பே ஃப்ளைட் பிளானும் பயணிகளின் அடையாள விவரமும் அடங்கிய பொது அறிவிப்பை இறங்கும் நாட்டு எல்லைக் காவலர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே ஆட்களுக்கு எல்லை உண்டா? பொருளுக்கு எல்லை உண்டா?

விமானத்துக்கே இறக்குமதி வரி கேட்பார்களா?

வந்துவிட்டுத் திரும்பிப் போகும் விமானத்துக்குப் பொதுவாக இல்லை. சிகாகோ உடன்படிக்கையின் 24-வது பிரிவு, வந்துபோகும் விமானத்தை அந்நாட்டுச் சுங்க விதிகளுக்கு உட்பட்டுத் தற்காலிகமாக வரியின்றி அனுமதிக்கச் சொல்கிறது. சொந்த உபயோக விமானங்களுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் 1956-ல் ஜெனீவாவில் தனி உடன்படிக்கையே போட்டார்கள். பிற்பாடு 1990-ன் இஸ்தான்புல் உடன்படிக்கை இந்தத் தற்காலிக அனுமதி விதிகளைப் பெருமளவு ஒன்று திரட்டியது.

ஆனால் தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சொந்த உபயோகத்துக்கு வரும் வெளிநாட்டு விமானத்துக்கு வழக்கமான வரம்பு 6 மாதம். சலுகை ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கானது. ஒன்றியத்தில் வசிக்கும் ஒருவர், வரி கட்டாத வெளிநாட்டு விமானத்தை அங்கே சும்மா ஓட்டிப் பார்த்தாலும் சலுகை முறிந்து, விமானத்தின் மதிப்புக்கே சுங்கவரியும் வாட் வரியும் கேட்கப்படலாம். நண்பருக்கு ஒரு சுற்று ஓட்டக் கொடுப்பது அங்கே பெருஞ்செலவு வைக்கும் நட்பாகிவிடும்.

பதிவெண்ணையும் வரி நிலையையும் ஒன்றாக எண்ணுபவர்கள் நிறையப் பேர். அமெரிக்கப் பதிவெண் கொண்ட விமானம் ஐரோப்பாவில் முறையாக இறக்குமதியாகி வரி கட்டியதாக இருக்கலாம். அப்படியானால் அந்த ரசீதும் இறக்குமதி ஆவணமும் விமானத்திலேயே இருக்கட்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறி, 2020 டிசம்பர் 31-ல் இடைக்காலம் முடிந்தபோது, விமான உரிமையாளர்கள் பலர் தங்கள் விமானத்தின் வரி நிலை எந்தப் பக்கம் என்று காகிதங்களைத் தேட வேண்டி வந்தது.

டாங்கில் இருக்கும் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும்?

வரும்போது விமானத்தில் இருந்து, போகும்போதும் விமானத்திலேயே இருக்கும் எரிபொருள், எண்ணெய், உதிரிப்பாகம், வழக்கமான கருவிகள் எல்லாம் அதே 24-வது பிரிவின்படி வரிவிலக்குப் பெறும். உதிரிப்பாகத்தை வெளியே இறக்கிவிட்டால் அது சரக்கு, அறிவிக்க வேண்டும்.

எவ்வளவு பணம் கொண்டுபோகலாம்?

பெரும்பாலான நாடுகளில் உச்சவரம்பு கிடையாது, அறிவிப்பு வரம்புதான் உண்டு. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் என்றால் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவும் அதற்கு மேலும், பிரிட்டனில் 10,000 பவுண்டும் அதற்கு மேலும், கனடாவில் 10,000 கனடிய டாலரும் அதற்கு மேலும். இந்தியாவுக்கு வரும்போது வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, பயணிகள் காசோலை உள்ளிட்ட மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினாலோ அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். மறைத்துப் பிடிபட்டால் பணம் பறிபோகலாம். பயணிகளிடம் இந்தக் கேள்வியைப் புறப்படும் முன் நேராகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். விமானத்துக்குள் கண்டெடுப்பது எதுவானாலும் முதல் கேள்வி உங்களுக்குத்தான்.

சாப்பாடு, செல்லப்பிராணி?

பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள், விதை, மண் ஒட்டிய காலணி எல்லாமே பூச்சிகளையும் கால்நடை நோய்களையும் கொண்டுவரும் வழிகள். மீதியான சாண்ட்விச்சை அறிவியுங்கள், அல்லது பறக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சாப்பிட்ட குப்பைக்கும் விதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த விமானத்தின் உணவுக் கழிவை அமெரிக்காவில் நிலையத்தின் சாதாரணத் தொட்டியில் போடக் கூடாது. அதை எரிக்கவோ கிருமி நீக்கவோ தனி ஏற்பாடு இருக்கிறது. கசியாத பையில் கட்டி வைத்து அதிகாரியிடம் கேளுங்கள்.

நாய் பூனைக்குத் தடுப்பூசிச் சான்று மட்டும் போதாது, எந்த வழியில் அழைத்து வரலாம் என்பதற்கும் நாடுகள் விதி வைத்திருக்கின்றன. முதலில் அந்நாட்டுக் கால்நடைத் துறையைக் கேளுங்கள், ஹோட்டல் பதிவெல்லாம் அப்புறம்.

விமானத்தில் வழக்கமாகவே இருக்கும் பொருள் எதிலாவது சிக்கல் வருமா?

வரும். அவசரகாலப் பையில் கிடக்கும் சாட்டிலைட் போன் முதல் உதாரணம். கடல் மேலும் காட்டின் மேலும் பறப்பவர்களுக்கு அது உயிர்காக்கும் கருவி. இந்தியாவிலோ துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம், கைது வரை போகும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வனப்பகுதிகளுக்குப் பறக்கும் சிலர் வைத்திருக்கும் துப்பாக்கி, சமிக்ஞைத் துப்பாக்கி, டிரோன், வலிநிவாரணி மாத்திரைகள் எல்லாவற்றையும் போகும் நாட்டின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விமானத்திலிருந்து படமெடுக்கும் கருவிகளைத் தடுக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு, சிகாகோ உடன்படிக்கையின் 36-வது பிரிவு அதைப் பற்றியது.

கிளம்புவதற்கு முதல் நாள் விமானத்தை முழுக்கக் காலி செய்து, ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்து மறுபடி அடுக்குங்கள். போன பயணத்தில் யாரோ விட்டுப்போன பொருள் இருக்கைக்கு அடியில் இருந்தாலும் இந்தப் பயணத்தின் விமானி நீங்கள்தான்.

வானிலை மோசமாகி, சுங்கம் இல்லாத இடத்தில் இறங்க நேர்ந்தால்?

இறங்குங்கள். உயிர்தான் முதலில், எந்த நாட்டுச் சட்டமும் இதில் வேறு சொல்வதில்லை. இறங்கிய பிறகு செய்ய வேண்டியதை இந்தியச் சுங்கச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: அருகிலுள்ள சுங்க அதிகாரிக்கோ காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும், கேட்டால் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும், பொருள் எதையும் இறக்கவோ பயணிகளை அவ்விடத்தை விட்டுப் போகவோ அனுமதிக்கக் கூடாது. உடல்நலம், பாதுகாப்பு, உயிரையும் உடைமையையும் காப்பது ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்க விதியும் ஏறத்தாழ இதேதான்.

சுங்கத்தின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, முடிந்தவரை அதுவும் சுங்க நிலையமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது.

இறங்காமல் ஒரு நாட்டின் மேலே பறந்து கடந்தால்?

சுங்கத்துக்கு வழக்கமாக வேலை இல்லை, வான்வழி அனுமதி தேவைப்படலாம். இந்தியாவில் 1995 டிசம்பரில் வெளிநாட்டு விமானம் ஒன்று மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஆயுதங்களைப் பாராசூட்டில் போட்டுவிட்டுப் போனது. வழக்கமான அட்டவணையில் வராத விமானத்தின் காகிதங்களை நாடுகள் ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்கின்றன என்பதற்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

ஏஜென்ட் வைத்துவிட்டால் பொறுப்பு அவருடையதுதானே?

வேலை அவருடையது, பொறுப்பு உங்களுடையது. மொழி தெரியாத நாட்டில் நல்ல ஏஜென்ட் இருந்தால் பாதி பாரம் குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் அனுப்பிய பட்டியலின் நகலையும், அதற்கு வந்த பதிலையும், அனுமதி எண்ணையும் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள். "எல்லாம் முடித்துவிட்டேன்" என்ற ஒரு செய்தியை நம்பி எஞ்சினைக் கிளப்பாதீர்கள். அமெரிக்காவில் வருகை விதிகளை மீறினால் முதல் முறை 5,000 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு. பிரிட்டனில் ஜி.ஏ.ஆர். தவறுக்கு 10,000 பவுண்ட் வரை போகலாம். இந்த நோட்டீஸ் விமானியின் பெயருக்கு வரும்.

வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் இவ்வளவும் உண்டா?

உண்டு. போகும்போது நடைமுறையை விட்டுவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கிறது, ஏனென்றால் யாரும் வந்து தடுப்பதில்லை. இந்தியாவில் சுங்க அதிகாரியின் எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் வெளிநாட்டுக்குக் கிளம்பவே முடியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புறப்பாட்டுப் பட்டியல் கட்டாயம் என்று மேலேயே சொன்னேன். தற்காலிக அனுமதியில் வந்த விமானத்துக்கு வெளியேறிய தேதிதான் கணக்கை மூடும், எனவே முத்திரையோ பதிலோ கையில் கிடைக்காமல் கிளம்பாதீர்கள்.

உங்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரும் விமானம்தான். விலையுயர்ந்த கேமரா, மடிக்கணினி போன்றவற்றை வெளியே கொண்டுபோகும் முன் சுங்கத்தில் பதிவு செய்து சான்று வாங்கினால், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது. வெளிநாட்டில் விமானத்துக்கு ரிப்பேர் செய்திருந்தால், புதுக் கருவி பொருத்தியிருந்தால், அந்த ரசீதைக் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள். அதற்கு வரி உண்டா இல்லையா என்பதை அதிகாரி சொல்லட்டும்.